அருவிச் சத்தத்தில் ஒரு பெயர்

மேலகரம் தாண்டியபோது சாரல் விட்டிருந்தது. ஈரக் கால்சட்டை தொடையில் உரசிக்கொண்டே வந்தது. நான் எடுத்துக்கொண்டு கிளம்பிய ஒரே பொருள் என் சாப்பாட்டுத் தட்டு. மழைக்கு அதைத் தலையில் கவிழ்த்திருந்தேன். மழை நின்ற பிறகும் எடுக்கத் தோன்றவில்லை. எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் என்னைப் பார்த்து, "என்னலே, தலையிலயா சோறு வாங்கப் போற?" என்று கேட்டுவிட்டு மாட்டை விரட்டினார். தென்காசிக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால், நீ யார் வீட்டுப் பையன் என்று அவர் திருப்பிக் கேட்பார். அதற்குப் பயந்து கேட்காமலே நடந்தேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. பிறகு எத்தனையோ ஊர்களிலிருந்து இதுபோல நடந்து வெளியேறியிருக்கிறேன். கொழும்பில் மூட்டை தூக்கினேன், புனலூர்ப் பக்கம் மரம் இழுத்தேன், மதுரையில் ஓர் அச்சுக்கூடத்தில் காகிதம் அடுக்கினேன். முதலாளி சரியில்லை, காய்ச்சல் வந்தது, சும்மாவே கால் நிற்கவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. முதல் முறை வெளியேறியதற்குக் காரணம் பொறாமை. நான் இருந்த பிள்ளைகள் இல்லத்தில் சோறு கிடைத்தது, துணி கிடைத்தது, யாரும் அடிக்கவில்லை. ஒரு மூன்று வயதுப் பையன் மேல் வந்த பொறாமை, அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளைகள் இல்லம் குற்றாலத்துக்கும் இலஞ்சிக்கும் நடுவில் வயலோரமாக இருந்தது. வெள்ளைக்காரர்களின் மிஷன் நடத்தியது. ஓட்டுக் கட்டடம் மூன்று, சின்னதாக ஒரு வேதக்கோயில், ஒரு கிணறு, நாற்பது பிள்ளைகள். எல்லாவற்றையும் நடத்திய வயதான துரைசானியைப் பெரியம்மா என்போம். அவர் இந்தப் பக்கம் வந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் வேதப் புத்தகத்தில் அச்சடித்த தமிழ். வேலை செய்த பெண்கள் எல்லாருக்கும் அத்தை என்று பெயர். சமையல் அத்தை, துணி அத்தை, பால் அத்தை. வெறுமனே அம்மா என்று அந்தக் காம்பவுண்டுக்குள் எந்தப் பிள்ளையும் யாரையும் கூப்பிட்டதில்லை.

பெரியம்மாவுக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. தாயோ தகப்பனோ உயிரோடிருக்கும் பிள்ளையைச் சேர்ப்பதில்லை. சேர்த்தால் இடம் போதாது. சொந்தப் பிள்ளை உள்ள பெண்ணை அத்தையாக வைத்துக்கொள்வதில்லை. தன் பிள்ளைக்கு ஒரு கரண்டி கூடுதலாகப் போடாத தாய் கிடையாது என்பது அவர் எண்ணம். இரண்டும் நியாயமான சட்டங்கள்தான். எங்கள் வீட்டை மட்டும் அவை இரண்டு பக்கமும் நின்று இடித்தன.

என் அப்பா கீழப்பாவூரில் குத்தகைக்கு நெல் போட்டவர். வாந்திபேதியில் இரண்டே நாளில் போய்விட்டார். அம்மாவும் நானும் மாமா வீட்டுக்குப் போனோம். மாமாவுக்கு ஏற்கெனவே ஏழு பிள்ளைகள். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் எந்தக் காரியத்தையும் நேராகச் செய்தால் அவருக்குத் திருப்தி வராது. முதலில் பிள்ளையில்லாத விதவை என்று சொல்லி அம்மாவை அந்த இல்லத்தில் கொண்டுபோய் விட்டார். அம்மா கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டாள். ஆறு மாதம் கழித்து என்னைக் கூட்டிப் போனார். அம்பாசமுத்திரம் ரயில் நிலையத்தில் ஆளில்லாமல் அழுதுகொண்டிருந்த பையன் என்று பெரியம்மாவிடம் சொன்னார். அவரே அழுதுவிடுவார்போலச் சொன்னார்.

வழியெல்லாம் எனக்குப் பாடம் நடந்தது. "அங்கன வெள்ளச் சேலையில ஒருத்தி நிப்பா. அவ ஒனக்கு அத்தை, கேட்டியா? அம்மான்னு வாயத் தொறந்தே, ரெண்டு பேருக்கும் சோறு போச்சு." சொல்லிவிட்டுத் தன் யோசனையை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டார். பேர்கூடத் தெரியாத பையன் என்று மாமா சொல்லியிருந்ததால், சுடலைமுத்துவாக இருந்த எனக்கு யோபு என்று பெயர் வைத்தார்கள்.

உள்ளே போனதும் அம்மாவைப் பார்த்தேன். கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். கயிறு ஒரு முறை கையிலிருந்து நழுவி வாளி கீழே போய் விழுந்தது. மறுபடி இறைக்க ஆரம்பித்தாள்.

அவள் கையில்தான் சோற்றுக் கரண்டி இருந்தது. மற்ற பிள்ளைகளுக்குக் கரண்டி நிறைய விழும். என் முறை வரும்போது கண்ணைப் பானையிலேயே வைத்துக்கொண்டு, கரண்டியைப் பானை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிக் கொஞ்சம் உதிர்த்துவிட்டுப் போடுவாள். பெரியம்மாவின் சட்டத்தை அந்த இடத்தில் அம்மாவைப்போலக் காப்பாற்றியவர்கள் ஒருவரும் இல்லை. பசியைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் முகத்தைப் பார்த்து, "போதுமாய்யா?" என்று கேட்பாளே, அதுதான் எனக்குக் கிடைக்காது.

அதையும் பொறுத்துக்கொண்டேன். தீத்துவைத்தான் பொறுக்க முடியவில்லை.

தீத்து பிறந்த சூட்டோடு ஒரு பனையோலைப் பெட்டியில் வந்து சேர்ந்தவன். மூன்று வயதாகியும் கால் உறுதிப்படவில்லை. எப்போதும் நெஞ்சில் சளி. அவனை வளர்க்கும் பொறுப்பை அம்மாவிடம் கொடுத்திருந்தார்கள். பகல் முழுக்க அவள் இடுப்பில் இருப்பான். அவள் காதைப் பிடித்து இழுப்பான். மத்தியானம் மடியில் போட்டு, அம்மா எனக்குப் பாடிய தாலாட்டையே அவனுக்குப் பாடுவாள். பாட்டில் முருகன் வந்த இடத்தில் இப்போது இயேசு வந்தார். ராகம் என்னுடையது.

நான் அவனைக் கிள்ளினேன். அவன் பாலில் மண் போட்டேன். அவனோ "யோபண்ணே, யோபண்ணே" என்று தத்தித் தத்தி என் பின்னாலேயே வருவான். கிள்ளியவனைத் தேடி வருகிற பிள்ளையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வருஷம் ஆனி மாதத்தில்தான், சின்னம்மா என்று நாங்கள் கூப்பிட்ட இளைய துரைசானி வந்தார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். கப்பலுக்குத் தன் பணத்தைப் போட்டு, சம்பளமில்லாமல் ஒரு வருஷம் வேலை செய்துவிட்டுப் போக வந்தவர். வந்த வாரமே மூக்குத் தோல் உரிந்துவிட்டது. ஒரு முன்ஷி வந்து தினமும் தமிழ் சொல்லிக்கொடுத்தார். சின்னம்மாவுக்கு ஒதுக்கிய வேலை எங்களுக்கு நகம் வெட்டுவது, பேன் பார்ப்பது, சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை மேற்பார்ப்பது. முதல் நாள் என் தலையைப் பார்த்துவிட்டுப் போய் வாந்தி எடுத்தார். மறுநாள் மறுபடி வந்து என் தலையிலிருந்தே ஆரம்பித்தார்.

சமையல் அத்தைக்கு இது விளங்கவே இல்லை. "ஒரு சல்லி வாங்காம, கப்பலேறி வந்து, நம்ம பயலுவ தலையில பேன் பாக்குதாளே, இவளுக்கு என்னட்டி விதி?" என்று அரிசி புடைத்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டாள்.

"அங்கன அவளப் பெத்தவ என்ன நெனச்சுக்கிட்டு இருக்காளோ" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் சின்னம்மா மாமரத்தடியில் உட்கார்ந்து தன் தாய்க்குக் கடிதம் எழுதுவார். பாதியில் நிறுத்திவிட்டு மலையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு போட்டோவைக் காட்டினார். தொப்பி போட்ட பருத்த அம்மாள் ஒருத்தி, கையில் ஒரு நாய்க்குட்டி. "என் தாயார்" என்றார். அடுத்து என்னை ஏதோ கேட்க வந்தவர், கேட்காமல் போட்டோவை வேதப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டார்.

எனக்கு வலது காதின் மேல்விளிம்பு உள்ளே மடிந்திருக்கும். அம்மாவுக்கும் அப்படித்தான். பேன் பார்க்கும்போது ஒரு தடவை சின்னம்மா என் காதைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு கிணற்றடிப் பக்கம் பார்த்தார். மறுபடி என் காதைப் பார்த்தார். காதில் அழுக்கு இருக்கிறது என்று நினைத்து, மறுநாள் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

எண்ணெய்க் குளியலுக்குப் பிள்ளைகள் இரண்டு வரிசையாக நிற்பார்கள். ஒன்று துணி அத்தையின் வரிசை, ஒன்று அம்மாவின் வரிசை. நான் சேர்ந்த நாளிலிருந்து துணி அத்தையின் வரிசையில்தான் நின்றேன். அந்த வாரம் சின்னம்மா வரிசையை மாற்றினார். இருபது பிள்ளைகளை அங்கேயும் இங்கேயுமாகக் கலைத்து நிறுத்தினார். நான் அம்மாவின் வரிசையில் கடைசி ஆளாக வந்தேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அம்மாவின் கை என் தலையில் பட்டது. தேவைக்கு மேல் அழுத்தித் தேய்த்தாள். எண்ணெய் கண்ணில் இறங்கி எரிந்தது. அப்போதும் தீத்து அவள் முதுகில் சாய்ந்துகொண்டு நின்றான்.

ஆடியில் சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு காலையில் பன்னிரண்டு பிள்ளைகளை ஐந்தருவிக்குக் கூட்டிப் போனார்கள். அம்மாவும் சின்னம்மாவும் இல்லத்து வண்டிக்காரரும் கூட வந்தார்கள். அருவியில் தண்ணீர் மண் நிறத்தில் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்று பேசினாலே காதில் விழாது. அம்மா பெண் பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகத் தண்ணீர் ஓரத்தில் நனைத்துக் கொண்டுவந்தாள். சின்னம்மா என்னிடம் குனிந்து, "யோபு, தீத்துவின் கையை விடாதே" என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

அவன் கை என் கைக்குள் சின்னதாக, வழவழவென்று இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் காணாமல் போனால் அம்மா யாரை முதலில் தேடுவாள்?

மாமாவின் மருமகன் அல்லவா, யோசனை முழுசாகவே வந்தது. படிக்கட்டுக்குக் கீழே ஒரு கிழவி பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்தாள். தீத்துவை அவளிடம் உட்காரவைத்து, "இவனக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க ஆச்சி, இந்தா வாரேன்" என்றேன். அவள் அவன் கையில் ஒரு சுளையைக் கொடுத்தாள். என்னிடமும் ஒன்று நீட்டினாள். வாங்கிக்கொள்ள நேரமில்லை. ஓடிப்போய் அருவிக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது.

வண்டிக்காரர்தான் முதலில் எண்ணிப் பார்த்தார். மறுபடி எண்ணினார். "ரெண்டு பயலுவளக் காணும்" என்று கத்தினார். அந்த நேரம் பார்த்து, குளித்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர், ஒரு பையன் தண்ணீரோடு போனதைப் பார்த்ததாகக் கூவினார். கூட்டமாக இருக்கிற இடத்தில் எப்போதும் இப்படிப் பார்த்தவர் ஒருவர் இருப்பார்.

அம்மா கையிலிருந்த பெண்ணை அப்படியே விட்டாள்.

"ஏலே சுடல... எய்யா சுடலமுத்து... எம் புள்ள... எம் புள்ளயப் பாத்தியளா?"

தலைவிரிகோலமாகப் பாறையில் வழுக்கி விழுந்து எழுந்து தண்ணீருக்குள் இறங்கினாள். சின்னம்மா கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவரே அவர்தான். ஒன்றரை வருஷமாக யாரும் சொல்லாத என் பெயர் அருவிச் சத்தத்தையும் மீறிப் பாறைக்குப் பின்னால் வந்து என் காதில் விழுந்தது. ஒரு தடவை இல்லை, ஏழெட்டுத் தடவை. தீத்துவின் பெயரை அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

நான் ஜெயித்துவிட்டேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்பும் வந்ததில்லை, அதற்குப் பிறகும் அதிகம் வந்ததில்லை. சிரித்துக்கொண்டே பாறைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

அம்மா என்னைப் பிடித்து முதுகில் இரண்டு அடி வைத்தாள். பிறகு என் தலையைத் தன் ஈர வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டு உச்சியை மோந்தாள். பிறகு, சூடான பாத்திரத்தைத் தொட்டவள்போல, என்னைத் தள்ளிவிட்டாள். "தீத்து எங்கலே?" என்று கேட்டாள். குரல் மாறியிருந்தது. நான் படிக்கட்டைக் காட்டினேன். அவள் ஓடினாள். முகமெல்லாம் பலாச்சுளை ஒட்டிக்கொண்டிருந்தவனை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அப்போது எனக்கு அடியும் நினைவில்லை, மோந்ததும் நினைவில்லை. தள்ளிவிட்டதுதான் நினைவிருந்தது.

வரும் வழியில் வண்டிக்காரர் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பெரியம்மா எங்கள் மூன்று பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். தமிழர்கள் இருக்கிற இடத்தில் வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசக்கூடாது என்பதும் அவருடைய பழக்கம். தங்களைப்பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்று மனம் நோகும் என்பார். அதனால் அன்று அங்கே நடந்தது எல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்தது என்றுதான் நினைத்தேன்.

அம்மா கதவோரமாக நின்றாள். நான் மேஜைக்கு முன்னால். சின்னம்மா ஜன்னல் பக்கம்.

"வண்டிக்காரர் ஒரு காரியம் சொல்லுகிறார்" என்றார் பெரியம்மா. "அருவியண்டையில் நீ இந்தப் பையனை வேறு பெயரிட்டு, என் பிள்ளை என்று கூப்பிட்டாயாம். மெய்தானா?"

"பதறிப்போயிக் கூப்பிட்டேம்மா. என்ன பேரு சொன்னேன்னு எனக்கே தெரியல. இங்க இருக்க எல்லாப் பிள்ளையும் எம்பிள்ளதானம்மா."

"இவன் உனக்கு யார்?"

நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடுவாள் என்று இருந்தேன். அருவியில் அத்தனை பேருக்கு முன்னால் சொன்னவளுக்கு, நாலு சுவருக்குள் சொல்ல என்ன கஷ்டம்? சொன்னால் இரண்டு பேரையும் வெளியே அனுப்புவார்கள். அனுப்பட்டும். கீழப்பாவூர் வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டே நடப்பேன். இவ்வளவையும் அந்த ஒரு நொடியில் யோசித்து முடித்துவிட்டேன்.

"யாருமில்லம்மா" என்றாள் அம்மா. "தீத்து எப்படியோ, அப்படித்தான் இவனும்."

பெரியம்மா சின்னம்மா பக்கம் திரும்பினார். "நீ அருகே நின்றாய். என்ன கேட்டாய்?"

கொய்யாப் பழம் திருடியவன் திருடவில்லை என்று சொன்னால், திருடியதற்காக இல்லாமல் பொய் சொன்னதற்காக அரை மணி நேரம் நிற்கவைப்பவர் சின்னம்மா. அவர் கழுத்திலிருந்து காதுவரை சிவப்பு ஏறியது.

"அருவியின் சத்தம் மிகவும் பெரிது" என்றார் மெதுவாக. "எனக்கு ஒன்றும் கேட்கவில்லை."

சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்குக் கேட்கவில்லையாம். வெள்ளைக்காரர்களுக்குக் காது மந்தம்போலிருக்கிறது என்று நினைத்தேன். முன்ஷி சரியாகத் தமிழ் சொல்லிக்கொடுக்கவில்லை என்றும் நினைத்தேன்.

பெரியம்மா கடைசியாக என்னைக் கேட்டார். "யோபு, நீ பயப்படாதே. உன் தாய் எங்கே இருக்கிறாள்?"

நான் கதவோரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "செத்துப் போனா."

அந்த அறையில் அன்று மூன்று பேர் பொய் சொன்னோம். நான் சொன்னதுதான் எல்லாவற்றிலும் நன்றாக இருந்திருக்க வேண்டும். பெரியம்மாவின் கண் கலங்கிவிட்டது. அவர் எழுந்து வந்து என் தலையில் கையை வைத்து, எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, செத்துப்போன என் தாய்க்கு ஆண்டவரின் சமாதானம் உண்டாகட்டும் என்று ஜெபம் பண்ணினார். நீளமான ஜெபம். நடுவில் நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அம்மாவும் கண்ணைத் திறந்துதான் இருந்தாள். பானையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வந்த நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மத்தியானம் சோற்றுப் பந்தியில் கரண்டியை வழக்கம்போல விளிம்பில் தட்டினாள். அன்று இரண்டு தட்டு. பந்தி முடிந்ததும் தீத்துவை மடியில் போட்டுக்கொண்டு சோற்றைப் பிசைந்து ஊட்ட உட்கார்ந்தாள். நான் கிணற்றடிக்குப் போய்த் தட்டைக் கழுவினேன். கழுவிய தட்டை அடுக்கில் வைக்கவேண்டும். வைக்காமல் வாசல் வழியாக வெளியே வந்தேன். யாரும் தடுக்கவில்லை. வாசலில் தீத்து விளையாடுகிற மரக்கட்டை ஒன்று கிடந்தது. அதை ஓர் எத்து எத்திவிட்டு நடந்தேன்.

பல வருஷம் கழித்து, செங்கோட்டை ரயிலில் சமையல் அத்தையைப் பார்த்தேன். அடையாளம் கண்டுபிடித்தது அவள்தான், காதை வைத்து. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, மனசில் பாவம் உள்ளவர்கள் தொடக்கூடாத நற்கருணை அப்பத்தை வாங்கச் சின்னம்மா எழுந்து போகவில்லை, ஒரு வருஷம் முடிந்து கப்பலேறுகிறவரைக்கும் போகவில்லை என்று சொன்னாள். உடம்பு சரியில்லையோ என்று எல்லாரும் நினைத்தார்களாம். நான் போன அன்று சாயங்காலம் அம்மா மழையில் இலஞ்சிவரை ஓடினாளாம். யாரைத் தேடுகிறாய் என்று கேட்டவர்களிடமெல்லாம், "இல்லத்துப் பையன், யோபுன்னு பேரு" என்றே சொன்னாளாம். நான் திரும்பி வந்தால் மறுபடி சேர்த்துக்கொள்ள வேண்டுமே. அவள் தேடியது இலஞ்சிப் பாதை. நான் போனது மேலகரம் பாதை. இதையெல்லாம் சமையல் அத்தை சொன்னபோது அம்மா உயிரோடு இல்லை.

இல்லத்தை விட்டு வந்த அன்று, தென்காசிக்கு நான் வந்து சேர்ந்தபோது, உச்சி இடிந்து நின்ற கோயில் மொட்டைக் கோபுரத்தின் மேல் இன்னும் வெளிச்சம் இருந்தது. தேர் நிற்கிற இடத்தில் படுத்துத் தூங்கிவிட்டேன்.

காலையில் எழுந்தபோது காப்பி வாசனை வந்தது. வாசனை வந்த பக்கமாக நடந்தேன். தெருமுனையில் ஒரு காப்பி கிளப். முன்னால் அண்ணாச்சி ஒருவர் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். பின்கட்டில் அவர் மனைவி ஆட்டுரலில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு பானை அரிசி ஊறிக்கொண்டிருந்தது. ஒரு வயதுப் பெண்குழந்தை ஒன்று அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. மாவுக் கையால் அதைத் தூக்கவும் முடியவில்லை, விலக்கவும் முடியவில்லை.

தட்டோடு நின்ற என்னை அண்ணாச்சி பார்த்தார். "யார் வீட்டுப் பயலே நீ? ஒனக்கு யாரு இருக்கா?"

"யாருமில்ல" என்றேன். அம்மா சொன்ன அதே குரலில் சொன்னேன்.

"பிள்ள தூக்கத் தெரியுமால?"

தெரியும் என்றேன். ஒன்றரை வருஷமாக அந்த ஒரு வேலையைத்தானே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு தம்ளர் காப்பியும் இரண்டு இட்லியும் என் தட்டிலேயே வைத்துக் கொடுத்தார். தின்று முடித்ததும் பின்கட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கினேன். இடுப்பை ஒரு பக்கமாக ஒடித்து அதை ஏற்றி உட்காரவைத்து, ஒரு கையால் முதுகை அணைத்துக்கொண்டேன். சரியாக உட்கார்ந்தது. என் காதை எட்டிப் பிடித்தது.

பிறகு திரும்பித் தன் தாயைப் பார்த்தது. கையை நீட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தது. அந்தப் பெண் ஆட்டுவதை நிறுத்தவில்லை. ஒரு தடவை நிமிர்ந்து குழந்தையைப் பார்த்தாள். அது இன்னும் பலமாகக் கத்தியது. உடனே முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, குழவியை வேகமாகச் சுற்றினாள்.

"அங்கிட்டுக் கொண்டு போலே" என்றாள், திரும்பாமல்.

இவளுக்கும் இந்தப் பிள்ளையைப் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, குழந்தையை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.